பழைய கம்ப்ரசர் போய் 50 ஹெச்.பி. வருகிறது: கேபிள் சைஸ் பார்ப்பது எப்படி?

பழைய கம்ப்ரசரை எடுத்துவிட்டுப் பெரியது போடும்போது, எந்த மெஷின் வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறோம். கேபிளை மட்டும் மெஷின் லாரியில் வந்து இறங்குகிற வாரத்தில் கடைக்காரரிடம் கேட்டு வாங்குகிறோம். "50 ஹெச்.பி.க்கு எத்தனை ஸ்கொயர் போடணும் அண்ணே?" என்ற கேள்விக்கு (ஸ்கொயர் என்பது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்) அவர் சொல்லும் பதில் பல சமயம் சரியாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பட்டறையில் கேபிள் எந்த வழியாகப் போகிறது, அங்கே எவ்வளவு சூடு, பக்கத்தில் வேறு எத்தனை கேபிள் ஓடுகிறது, எவ்வளவு தூரம் என்பது அவருக்குத் தெரியாது. இந்த நான்கும் தெரியாமல் சைஸ் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரை பட்டறை முதலாளிக்கும், புதிதாக மெயின்டனன்ஸ் வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் எழுதியது. வேலையைச் செய்ய வேண்டியவர் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான். அவர் போட்டுத் தரும் கணக்கு சரியா என்று பார்க்கவும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவும் உங்களுக்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். கோவைப் பக்கம் ஒரு மெஷின் ஷாப். இதுவரை 20 ஹெச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர் ஓடியது. இப்போது 50 ஹெச்.பி., அதாவது 37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர் வருகிறது. 415 வோல்ட், மூன்று ஃபேஸ், 50 ஹெர்ட்ஸ். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதலில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றுவது) மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. பேனல் போர்டிலிருந்து கம்ப்ரசர் அறைக்கு 60 மீட்டர். தகரக் கூரைக்குக் கீழே ஒரு கேபிள் ட்ரே, அதில் ஏற்கெனவே இரண்டு கேபிள்கள்.

முதல் வேலை: நேம் பிளேட்டைப் படிப்பது

ஸ்க்ரூ கம்ப்ரசரில் இரண்டு பிளேட்டுகள் இருக்கும். ஒன்று மோட்டாரின் மேல், இன்னொன்று வெளிக்கூட்டின் மேல். நிறையப் பேர் மோட்டார் பிளேட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு அங்கேயே தடம் மாறிவிடுகிறது.

மோட்டார் பிளேட்டில் உள்ள 37 கிலோவாட் என்பது தண்டில் கிடைக்கும் வேலை. மின்சாரமாக அது இழுப்பது அதைவிட அதிகம். எஃபிஷியன்சி 93.9 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.86 என்றால் கணக்கு இப்படி வரும்:

37000 ÷ (1.732 × 415 × 0.86 × 0.939) = சுமார் 64 ஆம்பியர்

ஆனால் மெஷினுக்குள் கூலிங் ஃபேன் மோட்டார் தனியாக இருக்கிறது. அதோடு, கம்ப்ரசர் தயாரிப்பாளர்கள் மோட்டாரின் சர்வீஸ் ஃபேக்டரையும் (பிளேட்டில் உள்ளதைவிட எவ்வளவு கூடுதலாகத் தாங்கும் என்ற அளவு) கணக்கில் வைத்துத்தான் அதன் மேல் பளுவை ஏற்றுகிறார்கள். அதிகபட்ச அழுத்தத்தில் ஓடும்போது 37 கிலோவாட்டைத் தாண்டிப் போவது சாதாரணம். ஆகவே நமக்கு வேண்டியது வெளிக்கூட்டின் பிளேட்டில், அல்லது டேட்டா ஷீட்டில் உள்ள பேக்கேஜ் ஃபுல் லோடு கரண்ட். நம் உதாரண மெஷினில் அது 75 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 64-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம் ஆறில் ஒரு பங்குக்கு மேல். டேட்டா ஷீட்டில் இந்த எண் இல்லையென்றால், கம்ப்ரசர் விற்றவரிடம் மெயிலில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வாங்க வேண்டாம்.

பிளேட்டில் வோல்டேஜ் என்ன என்றும் பாருங்கள். நம்மூர் லோ டென்ஷன் சப்ளையில் 6 சதவீதம் ஏறி இறங்குவது விதிமுறைக்கு உட்பட்டதுதான். 415 என்பது 390 ஆனால், அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின் என்றால் 380 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று பிளேட்டில் இருக்கலாம். அப்படி இருந்தால் கேபிளைப் பற்றிப் பேசும் முன் மெஷினைப் பற்றிப் பேச வேண்டும்.

இதே இடத்தில் பழைய கேபிளின் கதையையும் முடித்துவிடலாம். 20 ஹெச்.பி. மோட்டார் இழுத்தது சுமார் 28 ஆம்பியர். அதற்குப் போட்டிருந்தது பெரும்பாலும் 10 அல்லது 16 ஸ்கொயர் எம்எம் அலுமினியக் கேபிளாக இருக்கும். பிஸ்டன் கம்ப்ரசர் டேங்க் நிறைந்ததும் நின்றுவிடும். கேபிள் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். ஸ்க்ரூ அப்படியில்லை. லோடு, அன்லோடு என்று மாறி மாறி ஷிஃப்ட் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும், அன்லோடிலும் கரண்ட் இழுக்கும். "கொஞ்ச நாளைக்குப் பழைய கேபிளிலேயே ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டால் என் பதில் ஒரே சொல்தான்: கூடாது. ஒரு நாள்கூட.

இரண்டாவது: பிரேக்கரை முடிவு செய்வது

கேபிளுக்கு முன் எம்.சி.சி.பி.யை, அதாவது பிரேக்கரை முடிவு செய்ய வேண்டும். வரிசை இதுதான்: மெஷின் இழுக்கும் கரண்டைவிட பிரேக்கர் பெரிதாக இருக்க வேண்டும்; பிரேக்கரைவிட கேபிளின் தாங்கு திறன் பெரிதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் ஏதாவது தவறு நடக்கும்போது கேபிள் கருகுவதற்கு முன் பிரேக்கர் விழும்.

தொடர்ந்து ஓடும் மெஷினுக்கு 25 சதவீதம் கூட்டிக்கொள்வது வழக்கம். 75 × 1.25 = 94. சந்தையில் கிடைக்கும் அடுத்த சைஸ் 100 ஆம்பியர். தெர்மல் செட்டிங்கை (நீடித்த ஓவர்லோடுக்கு விழும் அளவு) கூட்டிக் குறைக்க முடிகிற மாடலாக வாங்குங்கள். மேக்னெடிக் செட்டிங் (திடீர்த் தாவலுக்கு உடனே விழும் அளவு) 8 முதல் 10 மடங்கு வரை போகக்கூடியதாக இருந்தால் நல்லது. ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் அந்தக் கணத்தில் கரண்ட் ஒரு தாவு தாவும். செட்டிங் குறைவாக இருந்தால் பிரேக்கர் காரணமே இல்லாமல் விழும். உடனே யாராவது ஒருவர் 160 ஆம்பியர் பிரேக்கரைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார். கேபிளுக்கு இருந்த காவல் அத்தோடு போய்விடும்.

பிரேக்கரின் மேல் எழுதியிருக்கும் கிலோ ஆம்பியரையும் பார்க்க வேண்டும். அது ஷார்ட் சர்க்யூட்டைத் துண்டிக்கும் திறன். 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழுக் கரண்ட் சுமார் 348 ஆம்பியர், இம்பீடன்ஸ் (உள் தடை) 4.5 சதவீதம் என்றால், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஷார்ட் ஆனால் 348 ÷ 0.045, அதாவது 7.7 கிலோ ஆம்பியர் வரை பாயும். 500 கே.வி.ஏ. என்றால் ஏறக்குறைய 15.5. முதல் இடத்தில் 16 கிலோ ஆம்பியர் பிரேக்கர் தாராளம். இரண்டாவது இடத்தில் 25-க்குப் போய்விடுவது நல்லது.

மூன்றாவது: சூடும் கூட்டமும்

சைஸை உண்மையில் தீர்மானிக்கும் இடம் இதுதான். பொறுமையாகப் பார்ப்போம்.

கேபிள் கேட்லாகில் ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு ஆம்பியர் போட்டிருப்பார்கள். நம்மூர் கேட்லாகுகளில் அது காற்றில் 40 டிகிரி செல்சியஸ், மண்ணுக்குள் 30 டிகிரி என்று எடுத்துக்கொண்டு சொன்ன எண். ட்ரேயில் அந்தக் கேபிள் தனியாகக் கிடக்கிறது என்றும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நம் பட்டறையில் இரண்டுமே உண்மையில்லை.

சித்திரை, வைகாசியில் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில், ட்ரேயின் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். கீழே நிற்கும் நமக்கு 38 தெரியும்போது, மேலே அதைவிட நன்றாக ஏறியிருக்கும். கம்ப்ரசர் அறைக்குள் இன்னும் மோசம். கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 40 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் மெஷின் என்றால், அந்த அறைக்குள் 40 கிலோவாட் ஹீட்டர் எரிகிறது என்றே கணக்கு. சூடான காற்றை டக்ட் வைத்து வெளியே தள்ளாவிட்டால் கேபிளும் வேகும், மெஷினும் ஹை டெம்பரேச்சரில் டிரிப் ஆகும். ஆகவே 50 டிகிரி என்று எடுத்துக்கொள்வோம்.

இப்போது கேபிளின் வகை. பி.வி.சி. இன்சுலேஷன் 70 டிகிரி வரை தாங்கும், எக்ஸ்.எல்.பி.இ. 90 டிகிரி வரை. சுற்றுப்புறமே 50 டிகிரி ஆகிவிட்டால் பி.வி.சி.க்கு மிச்சம் இருப்பது 20 டிகிரி, எக்ஸ்.எல்.பி.இ.க்கு 40 டிகிரி. அதனால் கேட்லாக் எண்ணில் பி.வி.சி.க்குச் சுமார் 0.82 பங்கும், எக்ஸ்.எல்.பி.இ.க்கு 0.89 பங்கும்தான் நிற்கும்.

அடுத்தது கூட்டம். துளையிட்ட ட்ரேயில் மூன்று கேபிள்கள் ஒட்டி ஒட்டிக் கிடந்தால், ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் போகும். அதற்கு 0.82 என்று பெருக்க வேண்டும். இரண்டு என்றால் 0.88, நான்கு என்றால் 0.77.

நம் கணக்கு: 100 ஆம்பியர் பிரேக்கருக்குக் கீழே எக்ஸ்.எல்.பி.இ. போட்டால்,

100 ÷ (0.89 × 0.82) = 137 ஆம்பியர்

கேட்லாகில் காற்றுப் பத்தியில் 137-க்குக் குறையாத சைஸைத் தேட வேண்டும். அலுமினியம், ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்டது), மூன்றரை கோர் (மூன்று ஃபேஸ் கம்பி, சிறிய சைஸில் ஒரு நியூட்ரல்) எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் 35 ஸ்கொயருக்குச் சுமார் 117, 50 ஸ்கொயருக்குச் சுமார் 142, 70 ஸ்கொயருக்குச் சுமார் 179 ஆம்பியர். ஆக, 50 ஸ்கொயர் எம்எம்.

அதே இடத்தில் பி.வி.சி. போட்டால்? 100 ÷ (0.82 × 0.82) = 149. பி.வி.சி. அலுமினியத்தில் 50 ஸ்கொயர் 105 ஆம்பியர்தான், 70 ஸ்கொயர் 130, 95 ஸ்கொயர் 155. அதாவது 95 ஸ்கொயருக்குப் போக வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான், பி.வி.சி. விலை குறைவு" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சூடான இடத்தில் இரண்டும் ஒன்றில்லை.

கேட்லாக் எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் மாறும். நீங்கள் வாங்கப்போகும் கம்பெனியின் கேட்லாகையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்.எல்.பி.இ. கேபிளின் மேல் ஐ.எஸ். 7098 என்றும், பி.வி.சி. ஆர்மர்டு கேபிளின் மேல் ஐ.எஸ். 1554 என்றும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

50 ஸ்கொயர் போதுமா என்றால் போதும். ஆனால் இறுக்கமாக இருக்கிறது. 142 × 0.73 (அதாவது 0.89 × 0.82) = 103.6. பிரேக்கரைவிட மூன்று ஆம்பியர்தான் அதிகம். நாளைக்கு அதே ட்ரேயில் ஏர் டிரையருக்கோ புது லேத்துக்கோ இன்னொரு கேபிளைப் போட்டால் 97 ஆகிவிடும். அப்போது பிரேக்கரின் தெர்மல் செட்டிங்கை 90-க்கு இறக்கினால் சமாளிக்கலாம், ஏனென்றால் மெஷின் இழுப்பது 75தான். அந்த நாளில் அதை யாராவது ஞாபகம் வைத்துச் செய்வார்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம். பட்டறை வளர்கிறது, இரண்டு வருடத்தில் இன்னும் மெஷின் வரும் என்று தெரிந்தால் இப்போதே 70 ஸ்கொயர் போட்டுவிடுங்கள். கேபிளை ஒரு முறை இழுப்பதற்கே ஆட்களும் ஒரு முழு நாளும் வேண்டும்.

தரைக்குள் புதைப்பதாக இருந்தால் கேட்லாகில் மண் பத்தியைப் பாருங்கள். 50 ஸ்கொயருக்கு அங்கே சுமார் 133. முக்கால் மீட்டர் ஆழம், கீழும் மேலும் மணல், அதன் மேல் செங்கல், பிறகு மண். லாரி ஏறி இறங்கும் பாதையின் குறுக்கே போனால் பைப்புக்குள் விட வேண்டும், பைப்புக்குள் தாங்கு திறன் இன்னும் குறையும்.

தாமிரமா அலுமினியமா என்று கேட்பவர்களுக்கு: இந்த சைஸில், இந்த தூரத்துக்கு அலுமினியமே போதும். தாமிரம் போட்டால் 35 ஸ்கொயரில் முடியும், கனெக்ஷன் கொடுப்பதும் எளிது. ஆனால் விலை எங்கேயோ போய்விடும், வெளியே ஓடினால் திருட்டு பயமும் உண்டு.

நான்காவது: தூரம்

60 மீட்டரில் வோல்டேஜ் எவ்வளவு விழும் என்று பார்க்க வேண்டும். 50 ஸ்கொயர் அலுமினியத்தின் ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.641 ஓம். சூடேறி 90 டிகிரிக்குப் போனால் 0.82. ரியாக்டன்ஸ் (ஏ.சி. கரண்டுக்கு மட்டும் வரும் கூடுதல் தடை) சுமார் 0.075. கீழே 0.06 என்பது கிலோமீட்டரில் தூரம், 0.86 பவர் ஃபேக்டர், 0.51 அதற்கு இணையான சைன் மதிப்பு.

1.732 × 75 × 0.06 × (0.82 × 0.86 + 0.075 × 0.51) = சுமார் 5.8 வோல்ட்

415-இல் இது 1.4 சதவீதம். மோட்டாருக்குச் சப்ளை தொடங்கும் இடத்திலிருந்து மொத்தம் 5 சதவீதத்துக்குள் இருக்கலாம் என்பது விதி. மெயினிலிருந்து பேனல் வரை கொஞ்சம் விழுந்திருக்கும் என்பதால், கடைசிக் கேபிளில் 2.5 சதவீதத்தைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொள்வது என் பழக்கம். அதன்படி 60 மீட்டருக்கு 50 ஸ்கொயர் சரி. 150 மீட்டர் என்றால் 14.5 வோல்ட், 3.5 சதவீதம் ஆகிவிடும். அங்கே சூட்டுக் கணக்கு என்ன சொன்னாலும் தூரக் கணக்கு 70 அல்லது 95-க்குத் தள்ளிவிடும். இரண்டு கணக்கில் எது பெரிய சைஸ் சொல்கிறதோ அதுதான்.

ஸ்டார்ட் ஆகும்போது என்ன ஆகும்? நேரடியாக ஸ்டார்ட் செய்தால் மோட்டார் ஆறேழு மடங்கு இழுக்கும். ஸ்டாரில் லைன் கரண்ட் அதில் மூன்றில் ஒரு பங்கு, நம் மோட்டாருக்கு 150 ஆம்பியருக்குப் பக்கத்தில். சில நொடிகளுக்குத்தான். கேபிளுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஜெனரேட்டருக்குத்தான் பிரச்சினை. பழைய 20 ஹெச்.பி.க்குப் பழகிய ஜெனரேட்டர் 50 ஹெச்.பி.யைக் கிளப்புமா என்று ஜெனரேட்டர் சர்வீஸ் செய்பவரிடம் ஸ்டார்ட்டிங் கரண்டைச் சொல்லிக் கேளுங்கள். கரண்ட் போன நேரத்தில்தான் அது தெரியவரும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஷார்ட் சர்க்யூட்டையும் 50 ஸ்கொயர் தாங்குமா என்று ஒரு வரியில் பார்த்துவிடலாம். எக்ஸ்.எல்.பி.இ. அலுமினியத்துக்கு ஒரு ஸ்கொயருக்கு 94 என்று பெருக்கினால், ஒரு நொடிக்கு 4.7 கிலோ ஆம்பியர். 7.7 கிலோ ஆம்பியர் பாய்ந்தாலும் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் தாங்கும். பிரேக்கர் அதற்கு வெகு முன்பே விழுந்துவிடும்.

கேபிளுக்குப் பின்னால் இருப்பது

பேனலில் இருந்து கம்ப்ரசர் வரை புதுக் கேபிள் போட்டாயிற்று. பேனலுக்கு வரும் கேபிள் எது? இதை மறந்துவிட்டுப் போகிற பட்டறைகள் அதிகம். முன்பு 28 ஆம்பியர் இருந்த இடத்தில் இப்போது 75. கூடுதலாக 47 ஆம்பியர் பஸ்பாரிலும், மெயின் சுவிட்சிலும், மீட்டரிலிருந்து வரும் கேபிளிலும் பாய வேண்டும். எல்லா மெஷினும் ஓடும் நேரத்தில் மெயின் கேபிளில் டாங் டெஸ்டரை (கேபிளைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) வைத்து மூன்று ஃபேஸையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதோடு 47-ஐக் கூட்டுங்கள். மெயின் தாங்குமா என்று அப்போது தெரியும்.

ஈ.பி.யில் அனுமதி வாங்கியிருக்கும் லோடையும் பாருங்கள். கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகு மெஷினை ஓட்ட வேண்டும். இதற்கு நாளாகும் என்பதால் மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.

எர்த்

மூன்று ஃபேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காக்கும் என்பதற்காக. இரண்டையும் ஒரே போல்ட்டில் மாட்டினால் இரண்டு என்று பெயர்தான். மெஷினின் இரு பக்கத்திலும் தனித்தனி எர்த் போல்ட் இருக்கும். 25-க்கு 3 மில்லிமீட்டர் ஜி.ஐ. பட்டையை இரண்டு பக்கமும் ஓட்டி, எர்த் கிரிட் வரை கொண்டுபோங்கள். பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பட்டையை வையுங்கள். கேபிளின் ஆர்மரையும் இரண்டு முனையிலும் கிளாண்டு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிப்பது) வழியாக எர்த் செய்ய வேண்டும், ஆனால் ஆர்மரை மட்டுமே எர்த்தாக நம்ப வேண்டாம்.

முனைகள்: எரிவது இங்கேதான்

கணக்கெல்லாம் சரியாகப் போட்டுச் சரியான கேபிளையும் வாங்கிய பிறகு கம்ப்ரசர் பேனல் எரிகிறது என்றால், பத்தில் ஒன்பது முறை லக்ஸைத்தான், அதாவது கம்பியின் முனையில் மாட்டும் உலோக முனையைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒரு பேனலில் ஆர், பி இரண்டு ஃபேஸும் புதிது போல இருந்தன. நடு ஃபேஸில் ஸ்லீவ் உருகி வழிந்து கறுப்பாக உறைந்திருந்தது, லக்ஸ் நீலம் பாரித்திருந்தது. கழற்றிப் பார்த்தால், லக்ஸுக்குள் நுழையாததால் அலுமினிய இழைகளில் நாலைந்தை வெட்டி விட்டிருக்கிறார்கள். மிச்ச இழைகளைச் சுத்தியலால் தட்டிக் கிரிம்ப் செய்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. ஒரு கனெக்ஷனில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே 75 × 75 × 0.01, அதாவது 56 வாட் சூடு அந்த விரல் அளவு இடத்தில் உருவாகும். ஒரு பெரிய சால்டரிங் அயர்னை டெர்மினலுக்குள் வைத்து ஷிஃப்ட் முழுக்க ஓட்டுவதற்குச் சமம்.

அலுமினிய ஆர்மர்டு கேபிளின் கோர் இந்த சைஸில் வட்டமாக இருக்காது, வெட்டிய துண்டு போல மூலையோடு இருக்கும். அதற்கான டையில் வைத்து வட்டமாக்கிவிட்டுத்தான் லக்ஸில் நுழைக்க வேண்டும். இழையை வெட்டக் கூடாது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஆக்சைடு படலம் உருவாகும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஆக்சைடு தடுப்புப் பேஸ்டைத் தடவி, லக்ஸில் செலுத்தி, ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் சைஸுக்குரிய டையைப் போட்டு அழுத்த வேண்டும். அலுமினிய லக்ஸ் தாமிரப் பட்டையில் உட்காரும் இடத்தில் பைமெட்டாலிக் லக்ஸ் போடுங்கள். இரண்டு உலோகமும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

பல கம்ப்ரசர்களில் உள்ளே இருக்கும் டெர்மினல் தாமிரக் கேபிளுக்கு என்றே அளவெடுத்தது. 50 ஸ்கொயர் அலுமினிய லக்ஸ் அங்கே உட்காராது. அதற்கு நல்ல வழி, மெஷின் பக்கத்துச் சுவரில் ஒரு 100 அல்லது 125 ஆம்பியர் ஐசொலேட்டரை வைத்து, அலுமினியக் கேபிளை அங்கே முடித்துவிட்டு, அங்கிருந்து மெஷினுக்கு 35 ஸ்கொயர் தாமிர ஃப்ளெக்சிபிள் கேபிளைக் கொண்டுபோவது. அதிர்வையும் ஃப்ளெக்சிபிள் தாங்கிக்கொள்ளும். சர்வீஸுக்கு வருபவர் கண் முன்னாலேயே சப்ளையைத் துண்டித்துப் பூட்டு போட்டுவிட்டு வேலை செய்ய முடியும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஐசொலேட்டர் வேண்டும் என்பேன்.

கேபிளை வளைக்கும்போது அதன் விட்டத்தில் 12 மடங்குக்குக் குறையாத ஆரம் வேண்டும். 50 ஸ்கொயர் மூன்றரை கோருக்கு அது ஒரு அடிக்குச் சற்று மேல். டபுள் கம்ப்ரஷன் கிளாண்டு, கேபிளின் எடையைத் தாங்க ஒரு கிளாம்ப். டெர்மினலில் கேபிள் தொங்கக் கூடாது.

ஸ்டார்ட்டர் தனியாக இருந்தால்

நம் உதாரணத்தில் ஸ்டார்ட்டர் மெஷினுக்குள் இருக்கிறது. பெரிய பிஸ்டன் கம்ப்ரசர்களிலும் சில பழைய மெஷின்களிலும் ஸ்டார் டெல்டா பேனல் சுவரில் தனியாக இருக்கும். அப்போது மோட்டாருக்கு ஆறு கம்பிகள் போகும். ஒவ்வொன்றிலும் ஓடுவது லைன் கரண்டில் 58 சதவீதம். நம் 64 ஆம்பியர் மோட்டாருக்கு 37. அதனால் அங்கே கேபிள் சிறிதாகப் போகலாம், ஆனால் இரண்டு கேபிள்களும் சேர்ந்தே ஓடுவதால் கூட்டக் கணக்கைப் போட மறக்கக் கூடாது.

ஓவர்லோடு ரிலேயும் பெரும்பாலும் இந்த 58 சதவீத வழியில்தான் மாட்டியிருக்கும். செட்டிங் 37 ஆம்பியர் சுற்று இருக்க வேண்டும். நேம் பிளேட்டில் 64 என்று பார்த்துவிட்டு ரிலேயை 64-க்குத் திருப்பி வைத்தால், மோட்டார் லைனில் 110 ஆம்பியர் இழுத்தாலும் ரிலே பேசாமல் இருக்கும். வைண்டிங் கடைக்கு மோட்டார் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பேனல் யார் போட்டிருந்தாலும் ரிலே எந்த வழியில் இருக்கிறது என்று கம்பியைத் தொடர்ந்து பார்த்து, அதன் பிறகு செட்டிங்கைத் தொடுங்கள்.

வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) வைத்த மெஷின் என்றால் ஸ்டார்ட்டிங் தாவல் இருக்காது. அதற்காகக் கேபிளைச் சிறிதாக்க வேண்டாம், பிளேட்டில் உள்ள அதிகபட்ச உள்வரும் கரண்ட்தான் அங்கேயும் கணக்கு. டிரைவில் கொஞ்சம் லீக்கேஜ் இயல்பாகவே எர்த்துக்குப் போகும், ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (லீக்கேஜ் கண்டால் விழும் பிரேக்கர்) அடிக்கடி விழும். டிரைவ் தயாரிப்பாளர் சொல்லும் வகையில், 300 மில்லி ஆம்பியர் அளவில் எர்த் லீக்கேஜ் ரிலே வைப்பது வழக்கம்.

ஓட்டுவதற்கு முன்

கேபிளின் இரண்டு முனையும் திறந்திருக்கும்போதே மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) போட்டுவிடுங்கள். கம்ப்ரசரின் கன்ட்ரோலரோடும் டிரைவோடும் சேர்த்து மெகர் போட்டால் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். 500 வோல்ட்டில் ஒரு நிமிடம். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும். விதிப்படி 1 மெகா ஓம் போதும். ஆனால் புதுக் கேபிள் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டும். இரண்டு, மூன்று மெகா ஓம் என்று வந்தால் கிளாண்டு பக்கம் எங்கோ ஈரமோ, தோல் உரிந்ததோ இருக்கிறது. தேடிப் பிடித்த பிறகே சப்ளை கொடுங்கள்.

அடுத்தது சுற்றும் திசை. ஸ்க்ரூ கம்ப்ரசரைத் தலைகீழாகச் சில நொடி சுற்ற விட்டாலே ஏர் எண்டு, அதாவது காற்றை அழுத்தும் ஸ்க்ரூ பாகம் கெட்டுப்போகலாம். மெஷினிலேயே விலை உயர்ந்த பாகம் அது. முதலில் ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டரை வைத்து வரிசையைப் பாருங்கள். மெஷினில் ஃபேஸ் ரிலே இருந்தாலும் பாருங்கள். பிறகு சர்வீஸ் எஞ்சினியர் முன்னிலையில், ஒரு கணம் தட்டி நிறுத்தி, திசையை அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். ஜெனரேட்டர் சப்ளையிலும் இதையே ஒரு முறை செய்யுங்கள். ஈ.பி.யில் சரியாகச் சுற்றிய மெஷின் ஜெனரேட்டரில் தலைகீழாகச் சுற்றிய இடங்கள் உண்டு.

முழு லோடில் ஓடும்போது மூன்று ஃபேஸின் கரண்டையும், மெஷின் டெர்மினலில் வோல்டேஜையும் அளந்து எழுதுங்கள். மூன்று ஃபேஸும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும், பிளேட்டில் உள்ள 75-ஐத் தாண்டக் கூடாது. நான்கு மணி நேரம் ஓடிய பிறகு டெம்பரேச்சர் கன்னை வைத்து ஒவ்வொரு லக்ஸையும் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட 10, 15 டிகிரி அதிகம் காட்டினால் அது லூஸ். சப்ளையை நிறுத்தி, பூட்டிவிட்டு, டார்க் ரெஞ்சில் சரி செய்யுங்கள்.

ஒரு மாதம் ஓடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்ளையை நிறுத்தி எல்லா டெர்மினல்களையும் மறுபடி இறுக்கம் பாருங்கள். அலுமினியம் சூட்டிலும் ஆறலிலும் கொஞ்சம் தளரும். அன்றைக்கு எடுத்த அளவுகளையும், பிரேக்கர் செட்டிங், ரிலே செட்டிங், கேபிள் சைஸ், போட்ட தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தக் கதவைத் திறக்கும் எலக்ட்ரீஷியனுக்கு அது வேண்டும்.